பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிய எஞ்சின்: வீட்டில் மாற்ற நினைப்பவர்களுக்கு

பழைய எஞ்சினைக் கழற்றி வெளியே எடு, புதியதை இறக்கிப் பூட்டு, சாவியைத் திருப்பு. எஞ்சின் மாற்றுவது இவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். திருகோணமலை உவர்மலையில் நாங்கள் வேலை செய்யும் கொட்டகைக்கு வரும் தம்பிமார் முதலில் கேட்பதும் “அண்ணா, எந்த எஞ்சின் போடலாம்?” என்பதுதான். “கியர்பொக்ஸ் என்ன போடப் போறாய்?” என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் மீதி வேலையைப் பேசலாம்.

ஒரு எஞ்சின் தனியாக நிற்பதில்லை. அது காரின் உடலோடு மவுண்டிங்கில் பிடிபட்டிருக்கிறது. பின்னால் கியர்பொக்ஸ். ஒரு பக்கம் பெற்றோல் வருகிறது, இன்னொரு பக்கம் புகை போகிறது. முன்னால் ரேடியேற்றரோடு தண்ணீர்க் குழாய்கள், மேலெல்லாம் வயர்கள். பழைய எஞ்சினை எடுக்கும்போது இந்தத் தொடர்புகள் எல்லாம் அறுந்துபோகின்றன. புதிய எஞ்சினுக்கு ஒவ்வொன்றையும் நீங்களே திரும்ப உண்டாக்க வேண்டும். எஞ்சினை இறக்குவது ஒரு நாள் வேலை. இந்தத் தொடர்புகளை ஒழுங்காகச் செய்து முடிக்க மாதங்கள் ஆகும், பணமும் பெரும்பாலும் அங்கேதான் போகும்.

உதாரணத்துக்கு எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்கிறேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். 1798 சி.சி., நான்கு சிலிண்டர், ஆரம்ப கால எஞ்சினுக்கு 95 குதிரைவலு. சிலிண்டர்கள் இருக்கும் பிளொக்கும் அதை மேலே மூடும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கியர் நான்கு. அந்தக் காலத்துக்கு நல்ல எஞ்சின், இன்றைக்கும் கெட்ட எஞ்சின் என்று சொல்லமாட்டேன். உங்கள் காரில் இருப்பது ஓடும் நிலையில் இருந்தால் அதையே பிரித்துச் செப்பனிடுங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. எம்.ஜி.பி.க்கு இங்கிலாந்திலிருந்து இன்றும் உதிரிப்பாகம் வருகிறது. பிளொக் வெடித்தோ, எஞ்சினே இல்லாமலோ கிடக்கும் காருக்குத்தான் மாற்று எஞ்சின் நியாயமான வழி. ஐந்தாவது கியரோடு தூரப் பயணம் போக வேண்டும், காலையில் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்ற ஆசையும் நியாயமானதே.

இந்தக் காருக்கு வேறு எஞ்சின் போடும் பழக்கம் புதிதும் இல்லை. 1970ஐ ஒட்டி கென் கொஸ்டெலோ என்பவர் ரோவர் நிறுவனத்தின் அலுமினிய வி8 எஞ்சினை எம்.ஜி.பி.க்குள் பொருத்தி விற்கத் தொடங்கினார். 1973இல் தொழிற்சாலையே அதே 3528 சி.சி. எஞ்சினோடு ஒரு மாடலை வெளியிட்டது, 1976 வரை செய்தது. இதில் கவனிக்க வேண்டியது எடை. அந்த வி8 அலுமினியம் என்பதால் இரட்டிப்பு சிலிண்டர் இருந்தும் பழைய நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினை ஒட்டிய எடையே இருந்தது. அதனால்தான் காரின் முன்பக்கம் கனக்கவில்லை, திருப்பங்களில் அதன் குணமும் கெடவில்லை. எஞ்சின் தேடும்போது குதிரைவலுவுக்கு முன்னால் எடையைப் பாருங்கள்.

வெளிநாட்டில் பலர் எம்.ஜி.பி.க்கு மஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் எஞ்சினைப் போடுகிறார்கள். பின்சக்கர ஓட்டம், நெடுக்காகக் கிடக்கும் எஞ்சின், ஐந்து கியர் எல்லாம் ஒரே காரில் கிடைப்பதுதான் காரணம். நம் ஊரில் அந்தக் கார் அருமை. நமக்குக் கைக்கெட்டுவது டொயோட்டா. கொரோலா 100, 110 கார்களில் வந்த 5ஏ-எஃப்.ஈ. எஞ்சின், அதன் அண்ணன் 4ஏ-எஃப்.ஈ. ஆகியவை பரவலாகக் கிடைப்பவை. 5ஏ 1498 சி.சி., 4ஏ 1587 சி.சி. இரண்டிலும் பதினாறு வால்வு, பெற்றோல் இன்ஜெக்ஷன். குதிரைவலு எம்.ஜி.பி.யின் பழைய எஞ்சினை ஒட்டியோ கொஞ்சம் கூடவோ இருக்கும். அது போதும். அந்தக் காரின் பின் அச்சும் பிரேக்கும் அந்த வலுவைச் சுலபமாகத் தாங்கும்.

ஆனால் இங்கேதான் கியர்பொக்ஸ் கேள்வி வருகிறது. கொரோலா 110 முன்சக்கரத்தால் ஓடும் கார். அதில் எஞ்சின் குறுக்காகக் கிடக்கும், கியர்பொக்ஸ் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், வலு முன் சக்கரங்களுக்குப் போகும். எம்.ஜி.பி.யில் எஞ்சின் நெடுக்காகப் படுத்து, கியர்பொக்ஸ் பின்னால் நீண்டு, ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரத்துக்கு வலு போக வேண்டும். ஆகவே கொரோலாவின் எஞ்சினை எடுத்துக்கொள்ளலாமே தவிர அதன் கியர்பொக்ஸ் நமக்கு உதவாது. 1983 முதல் 1987 வரை வந்த பின்சக்கர ஓட்டக் கொரோலா ஏ.ஈ.86 காரில் இதே ஏ வரிசை எஞ்சினோடு டி50 என்ற ஐந்து கியர் பொக்ஸ் இருந்தது. அது கிடைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. கிடைக்காவிட்டால் வேறு பின்சக்கர கியர்பொக்ஸை எடுத்து, எஞ்சினுக்கும் அதற்கும் இடையில் ஓர் இணைப்புத் தகடு கடைய வேண்டும்.

அந்தத் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே தெரியாத இடத்தில் நடக்கும் தவறு இது. எஞ்சினின் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) சுற்றும் மையமும் கியர்பொக்ஸ் உள்தண்டு சுற்றும் மையமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் விலகினாலும் உடனே ஒன்றும் தெரியாது. கார் ஓடும். சில மாதத்தில் உள்தண்டின் பெயாரிங் இரையத் தொடங்கும், கிளச் தட்டின் நடுப்பகுதி தேயும், கியர் விழ மறுக்கும். இதைச் சோதிப்பதற்கு டயல் கேஜ் என்ற சிறு கருவி வேண்டும். அதைக் கிராங்கின் முனையிலுள்ள பறப்புச் சக்கரத்தில் காந்தத்தால் நிறுத்தி, முள்ளின் நுனியை பெல் ஹவுசிங்கின் (கிளச்சை மூடும் மணி வடிவ உறை) நடுத் துளை விளிம்பில் தொடவைத்து, கிராங்கைக் கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். டயலில் முள் எவ்வளவு அசைகிறதோ அதில் பாதிதான் மைய விலகல். லேத் பட்டறைக்காரர் “சரியா வந்திருக்கு” என்று சொன்னாலும் நீங்களே ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

எஞ்சின் வாங்கக் கொழும்புக்குப் போவீர்கள். பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த எஞ்சின்கள் வரிசையாக இருக்கும். மொட்டையாக எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். வயர் கட்டு முழுவதும், ஈசியு என்கிற கட்டுப்பாட்டுக் கணினி, எல்லா சென்சர்களும், ஓல்டர்னேற்றர், ஸ்டார்ட்டர், ஏர் ஃபில்டர் குழாய் வரை ஒரே காரிலிருந்து வந்ததாக வாங்குங்கள். முன்பாதி வெட்டி வந்த காராகக் கிடைத்தால் மிக நல்லது. வயரை வெட்டித்தான் தருவோம் என்கிற கடையில் எஞ்சின் மலிவாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். 90களின் எஞ்சினை நான் விரும்பிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிந்திய கார்களில் சாவியில் உள்ள சிப்பை ஈசியு அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். பல பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் வலையமைப்பும் இருக்கும். அவற்றை ஏமாற்றுவது தொடக்கக்காரருக்கு வேண்டாத தலைவலி.

எஞ்சினை வாங்குவதற்கு முன்னால் காரின் உடலைப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். திருகோணமலையில் மூன்று பக்கமும் கடல். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று இரவும் பகலும் காரைத் தின்றுகொண்டிருக்கும். எம்.ஜி.பி.க்குச் சேசிஸ் என்கிற தனிச் சட்டம் கிடையாது. உடலின் தகடுகளே சட்டம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் காரின் முதுகெலும்பு. வெளியே பெயின்ற் மினுங்கும், உள்ளே தகடு அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் கீழ்விளிம்பு நெடுகக் குத்திக்கொண்டே போங்கள். உள்ளே இறங்குகிற இடங்களை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகே எஞ்சின் பேச்சு. துருப்பிடித்த உடலில் மவுண்டிங் வெல்டிங் செய்தால் அது நிற்காது.

சரி, உடல் நன்றாக இருக்கிறது, எஞ்சினும் வந்துவிட்டது. இனிப் பொருத்திப் பார்க்கும் கட்டம். பழைய எஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்ந்து 200 கிலோவுக்கு மேல் வரும். வேப்பமரக் கிளையில் சங்கிலிக் கப்பியைக் கட்டித் தூக்குவதை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம். வேண்டாம். எஞ்சின் தூக்கும் கிரேனை வாடகைக்கு எடுங்கள். ஜாக்கில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள், இரும்பு முட்டுக்கால் வைத்த பிறகே போங்கள். பற்றரியைக் கழற்றி, பெற்றோல் தாங்கியை இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்த பிறகுதான் வெல்டிங்.

பொருத்திப் பார்ப்பதற்கு நல்ல எஞ்சினையே தூக்கித் தூக்கி இறக்க வேண்டியதில்லை. அதே வகை எஞ்சினின் வெடித்த பிளொக், பழுதான ஹெட், தகர சம்ப் (எஞ்சினின் அடியில் ஓயில் நிற்கும் தட்டு) மூன்றும் கராஜ்களில் இரும்பு விலைக்குக் கிடைக்கும். உள்ளே ஒன்றும் இல்லாததால் கனம் குறைவு. அதைக் கியர்பொக்ஸோடு பூட்டி உள்ளே வைத்து, எங்கெங்கே முட்டுகிறது என்று பாருங்கள். முதலில் முட்டுவது சம்ப். முன் சக்கரங்களுக்கிடையில் ஓடும் குறுக்குச் சட்டத்தில் ஸ்ரியரிங் ரேக்கும் இருக்கிறது. சம்பின் ஆழமான பகுதி அதில் இடித்தால் சம்பை வெட்டி வடிவம் மாற்ற வேண்டும், உள்ளே ஓயில் உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும். குழாயின் வாய் சம்பின் அடியை ஒட்டி, ஆனால் அடைபடாமல், கால் அங்குலம் போல் மேலே நிற்க வேண்டும். அடுத்தது பின்பக்கம். குறுக்காகக் கிடக்கப் பிறந்த எஞ்சின்களில் தண்ணீர் வெளியேறும் வாயும் டிஸ்ரிபியூற்றரும் கியர்பொக்ஸ் பக்க முனையில் இருக்கும். நெடுக்காக வைக்கும்போது அவை எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரில் இடிக்கும். தண்ணீர் வாயைப் பக்கவாட்டுக்குத் திருப்பும் ஒரு துண்டு கடைந்தாக வேண்டும்.

மேலே பொனற் மூடுமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருண்டைகளாக எஞ்சினின் உயரமான இடங்களில் ஒட்டி, பொனற்றை மெல்ல மூடித் திறங்கள். நசுங்கிய உருண்டையைக் கத்தியால் வெட்டி அதன் தடிப்பை அளந்தால் இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும் என்பதால் இரண்டு சென்ரிமீற்றராவது இருக்கட்டும்.

இதே கட்டத்தில் சாய்வையும் தீர்மானிக்க வேண்டும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் யுனிவர்சல் ஜொயின்ற் உண்டு, கோணத்தில் வளைந்தும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு அது. கோணத்தில் சுற்றும் ஒரு ஜொயின்ற் சீராகச் சுற்றாது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். மறுமுனை ஜொயின்ற் அதே அளவு கோணத்தில் இருந்தால் அந்த ஏற்றத்தாழ்வு சமன்படும். ஆகவே கியர்பொக்ஸின் வெளித்தண்டும் பின் அச்சின் உள்தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு ஜொயின்ற்றிலும் கோணம் ஒன்று முதல் மூன்று பாகைக்குள் அடங்க வேண்டும். காரின் எடை சக்கரத்தில் நிற்கும்போது அளக்க வேண்டும், தொங்கும்போது அளந்தால் தவறான கணக்கு வரும். இதெல்லாம் சரிவந்த பிறகே மவுண்டிங் தகடுகளை முழுமையாக வெல்டிங் செய்வது. அதுவரை புள்ளி வெல்டிங் போதும்.

ஐந்தாவது கியரின் பலனைக் கணக்காகவே பார்க்கலாம். எம்.ஜி.பி.யின் பின் அச்சு விகிதம் 3.909. 165 அகலமும் 80 விகிதமும் கொண்ட 14 அங்குல ரயர் போட்டு மணிக்கு 100 கிலோமீற்றரில் போனால், நான்காவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3350 சுற்று. டி50இன் ஐந்தாவது கியர் விகிதம் 0.861. அதில் அதே வேகத்துக்கு 2880 சுற்றுப் போதும். ஹபரணைப் பாதையில் காட்டுக்கிடையே நீளமாகப் போகும்போது காதுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

பெற்றோல் பக்கம் வருவோம். பழைய காபரேற்றருக்கு மூன்று பி.எஸ்.ஐ. அழுத்தம் இருந்தாலே போதும். இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு 40 பி.எஸ்.ஐ. அளவில் வேண்டும். பழைய பம்ப், பழைய ரப்பர்க் குழாய், பழைய கிளிப் ஒன்றும் இந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. எல்லாவற்றையும் மாற்றுங்கள், ரப்பர்க் குழாய் இன்ஜெக்ஷனுக்கென்றே விற்கப்படுவதாக இருக்கட்டும். மிஞ்சிய பெற்றோல் தாங்கிக்குத் திரும்பி வர இன்னொரு குழாயும் வேண்டும், பழைய காரில் அது கிடையாது. திருப்பத்தில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சாமலிருக்க, ஒன்றரை லீற்றர் போல் பிடிக்கும் சின்ன இடைத் தாங்கி ஒன்றையும் வைப்பது நல்லது. இந்தப் பகுதியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சூடான எஞ்சின் மேல் பெற்றோல் பீச்சினால் கார் எரியும்.

வயரிங்கைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். ஒரு பெரிய மேசையில் கொரோலாவின் வயர் கட்டை விரித்து வையுங்கள். ஈசியுவிலிருந்து ஒவ்வொரு வயராகப் பின்தொடர்ந்து, அது எங்கே போகிறது என்று துணித் துண்டில் எழுதி ஒட்டுங்கள். எஞ்சின் ஓட அதற்குத் தேவையானவை சில கேள்விகளுக்குப் பதில்தான்: கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, அக்சிலேற்றர் எவ்வளவு திறந்திருக்கிறது, புகையில் ஒட்சிசன் எவ்வளவு. சென்சர்கள் இவற்றைச் சொல்ல, ஈசியு இன்ஜெக்ரரையும் தீப்பொறியையும் இயக்குகிறது. காரோடு சேர்வதற்கு விரல்விட்டு எண்ணக்கூடிய வயர்கள்தான்: பற்றரியிலிருந்து நிரந்தர மின், சாவி போட்டால் வரும் மின், ஸ்டார்ட்டர் சுற்றும்போது வரும் மின், பெற்றோல் பம்ப் ரிலே, எச்சரிக்கை விளக்கு, எர்த். ஏசி, ஒட்டோ கியர் போன்றவற்றுக்குப் போகும் வயர்களை உடனே வெட்டாதீர்கள். எஞ்சின் ஓடிய பிறகு எடுக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பற்றரியின் நேர் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். ஜப்பான் எஞ்சினுக்கு எதிர் முனை உடலோடு இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் இணைத்தால் ஈசியு அந்தக் கணமே செத்துவிடும். முழுக் காரையும் எதிர் முனை எர்த்துக்கு மாற்றிவிட்டே அடுத்த வேலை. எஞ்சின் ரப்பரில் நிற்பதால் உடலோடு மின்தொடர்பு இருக்காது, தடித்த பின்னல் வயரால் இரண்டையும் இணைக்க வேண்டும். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். நம் கடற்காற்றில் கிறீஸ் இல்லாத செப்பு முனை பச்சை பிடித்துவிடும். பிறகு எஞ்சின் காரணம் தெரியாமல் நின்று நின்று ஓடும். படகு எஞ்சின் திருத்துபவர்களுக்கு இது தண்ணீர்பட்ட பாடு, அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

சூட்டைத் தணிப்பது திருகோணமலைக்கு இன்னும் முக்கியம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதிய வெயிலில் அநுராதபுரச் சந்தி நெரிசலில் நிற்கும் காருக்கு, இங்கிலாந்துக் குளிருக்குச் செய்த பழைய ரேடியேற்றர் போதாது. தடித்த ரேடியேற்றரும் மின்விசிறியும் போடுங்கள். விசிறி சுற்றுவது மட்டும் போதாது, ரேடியேற்றரின் முழுப் பரப்பிலிருந்தும் காற்றை இழுக்கும்படி சுற்றிலும் தகட்டு மூடி வேண்டும். எஞ்சினின் உயரமான தண்ணீர்க் குழாயை விட ரேடியேற்றர் மூடி தாழ்வாக இருந்தால் உள்ளே காற்றுச் சிக்கிக்கொள்ளும். அந்த உயரமான இடத்தில் காற்று வெளியேற்றும் ஒரு திருகு வைத்துவிடுங்கள்.

சைலன்சர் வேலையை ஒரு நல்ல வெல்டரிடம் விட்டுவிடலாம். பிரேக்கில் எம்.ஜி.பி.க்கு முன்னால் டிஸ்க் ஏற்கெனவே இருக்கிறது. வலு பெரிதாகக் கூடாத வரை நல்ல பிரேக் பாட், புதிய குழாய், புதிய பிரேக் ஓயில் போதும்.

அப்புறம் காகித வேலை. எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கிறது. எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றத்தைப் பதிய வேண்டும், காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டும் இறக்குமதிச் சுங்கப் பத்திரப் பிரதியும் கடைக்காரரிடம் அப்போதே கேட்டு வாங்குங்கள். வேலையைத் தொடங்குமுன் திணைக்களத்தில் நடைமுறையை விசாரித்துக்கொள்வது நல்லது. இதை விட்டால் நாளை விற்கவும் முடியாது, விபத்து நடந்தால் காப்புறுதியும் கை கொடுக்காது.

கொட்டகை திறந்த கொட்டகை என்றால் பொங்கல் கழிந்து தொடங்குங்கள். வாடை மழைக்குள் அகப்பட்டால் திறந்து கிடக்கும் இரும்பெல்லாம் துருவேறிவிடும்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பெற்றோல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். பிறகு இன்ஜெக்ரர் இணைப்புகளையும் தீப்பொறி இணைப்பையும் கழற்றிவிட்டு, ஓயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். அதன் பின்னரே எல்லாவற்றையும் மாட்டி உண்மையாக ஸ்டார்ட் செய்வது. விசிறி தானாகச் சுற்றி நிற்கும் வரை நின்ற இடத்திலேயே ஓடட்டும். முதல் ஓட்டத்துக்கு நிலாவெளி வீதி நல்லது. மேடு பள்ளம் குறைவு, நிறுத்திப் பார்க்க இடம் உண்டு. உப்புவெளி வரை போய்த் திரும்பி, மவுண்டிங், ஷாஃப்ட், பெல் ஹவுசிங் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். நூறு கிலோமீற்றர் கழித்து இன்னொரு தடவை.

கழற்றிய பழைய எஞ்சினை இரும்புக்குக் கொடுக்காதீர்கள். பிளக் துளைகள் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஓயில் ஊற்றி, கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றி, எல்லாத் துவாரங்களையும் அடைத்து, பொலித்தீனால் சுற்றி மரப் பலகை மேல் வையுங்கள். சீமெந்துத் தரையில் நேரடியாக வைத்தால் ஈரம் ஏறும். உடலில் பழைய மவுண்டிங் தகடுகளை வெட்டாமல் விட்டிருந்தால், அடுத்து வரும் சொந்தக்காரர் விரும்பினால் அந்த எஞ்சினையே திரும்பப் பூட்டிக்கொள்ளலாம்.